திருகோணமலை தந்த நாவலாசிரியர்: தி. த. சரவணமுத்துப்பிள்ளை

திருகோணமலை என்றதும் எவர் நினைவிலும் முதலில் எழுவது அதன் இயற்கைத் துறைமுகமே. அடுத்துக் கோணேசர் ஆலயம் நினைவுக்கு வரும். பின்னர் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் என்று மாறி மாறி வந்து கோட்டையைக் கைக்கொண்ட அந்நியரின் கதை தொடரும். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மீது குண்டு வீசியதும், 1957 வரை பிரித்தானியக் கடற்படை அங்கே நிலைகொண்டிருந்ததும் வரலாற்று நூல்களில் விரிவாகவே பதிவாகியுள்ளன. கப்பலுக்கும் போருக்கும் கிடைத்த இந்த இடம் அந்நகரின் நூல்களுக்குக் கிடைக்கவில்லை. தமிழின் முதலாவது வரலாற்று நாவல் என்று இலக்கிய வரலாற்றாசிரியர்கள் கொள்ளும் 'மோகனாங்கி'யை எழுதியவர் இத்துறைமுக நகரின் மைந்தர் என்பதை இன்று அந்நகரிலேயே எத்தனை பேர் அறிவர்?

அவர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை. 1865 ஆம் ஆண்டு பிறந்து 1902 ஆம் ஆண்டு மறைந்தவர். நாற்பது வயதைக் கூட எட்டாத அந்தக் குறுகிய வாழ்வில் அவர் செய்து முடித்தவை மூன்று துறைகளின் தொடக்க வரலாற்றில் இடம்பெறத்தக்கவை. தமிழ் மொழி ஆய்வு, பெண் விடுதலைச் சிந்தனை, தமிழ் நாவல் என்பனவே அவை. இவற்றுக்கும் மேலாக அவர் ஒரு நூலகர். நூல்களைக் காப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த ஒருவரின் நூலே காப்பாரின்றிப் போனது எவ்வாறு என்ற கேள்வி அவரது வாழ்வைப் படிக்கும் எவருக்கும் எழும். அதற்கான விடை அவர் ஒருவரைப் பற்றியது மட்டுமன்று. தமிழ் பேசும் நம் அனைவரையும் பற்றியது.

தம்பிமுத்துப்பிள்ளையின் புதல்வர்களாகத் திருகோணமலையிலே பிறந்த சகோதரர் இருவர். மூத்தவர் தி. த. கனகசுந்தரம்பிள்ளை, 1863 ஆம் ஆண்டு பிறந்தவர். இளையவர் சரவணமுத்துப்பிள்ளை. அக்காலத்துத் திருகோணமலை ஆங்கிலேயரின் கடற்படைத் தளமாக விளங்கிய சிறு நகரம். ஒரு புறம் கிறிஸ்தவ மிஷனரிமாரின் பாடசாலைகள் ஆங்கிலக் கல்வியைப் பரப்பிக்கொண்டிருந்தன. மறுபுறம் ஏடு கட்டிப் பாடம் சொல்லும் பண்டித மரபு இன்னமும் உயிரோடு இருந்தது. இவ்விரண்டும் சந்தித்த தலைமுறையிலேயே இச்சகோதரர்கள் பிறந்தார்கள். ஆங்கிலம் கற்றவர் தமிழை மறப்பதும் தமிழில் ஆழ்ந்தவர் புதிய அறிவை விலக்குவதும் வழக்கமாயிருந்த காலத்தில், இவர்கள் இரண்டையும் ஒருங்கே கைக்கொண்டனர்.

உயர்கல்வி பெற விரும்பிய இலங்கைத் தமிழ் இளைஞருக்கு அந்நாளில் உள்நாட்டில் வாய்ப்பு இருக்கவில்லை. கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டதே 1921 ஆம் ஆண்டில்தான். சென்னைப் பல்கலைக்கழகமோ 1857 ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டுவிட்டது. அதன் முதற் பட்டதாரிகளுள் ஒருவராக யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை விளங்கினார் என்பது நாம் பெருமையோடு நினைவுகூரும் செய்தி. திருகோணமலையிலிருந்து கொழும்புக்குத் தரை வழியாகச் செல்வதை விடக் கடல் கடந்து தமிழகக் கரையை அடைவது அக்காலத்தில் புதுமையான காரியமன்று. திருகோணமலைக்கு ரயில் பாதை வந்ததே 1920களில்தான். ஆகவே சகோதரர் இருவரும் சென்னையை நோக்கிச் சென்றதில் வியப்பில்லை. இளையவர் அங்கேயே பட்டப் படிப்பை முடித்து, இராசதானிக் கல்லூரி என்று அன்று அழைக்கப்பட்ட மாநிலக் கல்லூரியின் நூல் நிலையத்துக்குப் பொறுப்பாளரானார்.

கல்விக்காக மட்டுமன்றி அச்சுக்காகவும் ஈழத்தவர் சென்னையை நாடிய காலம் அது. இந்தியாவில் 1835 ஆம் ஆண்டு நிறைவேறிய சட்டத்தின் பின்னர் சுதேசிகள் தாராளமாக அச்சுக்கூடம் நடத்தும் வழி திறந்தது. 1849 ஆம் ஆண்டு ஆறுமுக நாவலர் சென்னை சென்று அச்சு யந்திரம் வாங்கி வந்து வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். பின்னர் சென்னையிலும் அச்சகம் நடத்தினார். தாமோதரம்பிள்ளை தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் சென்னையிலேயே பதிப்பித்தார். முஸ்லிம் புலவர்களின் வழியும் இதுவே. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை ஏடுகளிலிருந்து திரட்டி 1842 ஆம் ஆண்டு அச்சேற்றியவர் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவர் ஆவார். அன்று அச்சான அப்பெருங்காப்பியம் தமிழகக் கரையிலே மட்டுமன்றி இலங்கையின் முஸ்லிம் ஊர்களிலும் ஓதப்பட்டு வந்தது. நூல்களைப் பொறுத்தவரை பாக்கு நீரிணை ஓர் எல்லையாக இருக்கவில்லை. அது ஒரு வீதியாகவே இருந்தது.

சரவணமுத்துப்பிள்ளை பணியாற்றிய ஆண்டுகள் தமிழ் நூல் வரலாற்றில் பொன்னான ஆண்டுகளாகும். 1887 ஆம் ஆண்டு கலித்தொகை தாமோதரம்பிள்ளையாலும் சீவக சிந்தாமணி உ. வே. சாமிநாதையராலும் வெளியிடப்பட்டன. 1892 ஆம் ஆண்டு சிலப்பதிகாரமும் 1894 ஆம் ஆண்டு புறநானூறும் சாமிநாதையரின் பதிப்பாக வெளிவந்தன. பல நூற்றாண்டுகளாக ஒரு சிலரின் வீட்டுப் பரண்களில் கிடந்த ஏடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அச்செழுத்துப் பெற்றுக் கல்லூரி மாணவரின் மேசைக்கு வந்துகொண்டிருந்தன. அத்தகைய காலத்தில் ஒரு பெரிய கல்லூரியின் நூல் நிலையத்தில் அமர்ந்திருப்பது, பழைய தமிழ் உலகமும் புதிய ஐரோப்பிய அறிவும் ஒரே கூரையின் கீழ் சேர்வதை நாள்தோறும் கண்டுகொண்டிருப்பதற்கு ஒப்பாகும். சரவணமுத்துப்பிள்ளையின் எழுத்தில் இவ்விரண்டின் பயனும் தெரிகிறது.

அவரது 'தமிழ்ப் பாஷை' 1892 ஆம் ஆண்டு வெளிவந்தது. இராசதானிக் கல்லூரியிலிருந்த திராவிட பாஷா சங்கத்தைச் சார்ந்து உருவான உரை இது. தமிழ்மொழியின் தொன்மையையும் தனித்தன்மையையும் நிலைநாட்டுவது இதன் நோக்கம். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856 ஆம் ஆண்டிலும் சுந்தரம்பிள்ளையின் மனோன்மணீயம் 1891 ஆம் ஆண்டிலும் வெளிவந்திருந்தன. தமிழைப் பற்றிய புதிய தன்னுணர்வு அரும்பிய அந்த வேளையில், இருபத்தேழு வயதை அடைந்திருந்த ஈழத்து இளைஞர் ஒருவர் சென்னையின் கற்றோர் அவையிலே நின்று மொழியைப் பற்றி ஆராய்ந்து பேசினார் என்பது சாதாரணமான செய்தியன்று.

அதே ஆண்டில் வெளிவந்தது 'தத்தை விடு தூது'. தூது என்பது தமிழின் பழைய சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்று. தலைவனிடம் கிளியையோ அன்னத்தையோ மேகத்தையோ தூதாக அனுப்புவதே அதன் இலக்கணம். பெரும்பாலான தூது நூல்களில் தலைவி தலைவனைப் புகழ்வாள், தன் விரக தாபத்தைச் சொல்வாள். அதற்கு மேல் அவளுக்குச் சொந்தக் கருத்து இருப்பதில்லை. சரவணமுத்துப்பிள்ளை அந்தப் பழைய பாத்திரத்திலே புதிய பொருளை இட்டார். பெண்ணின் சுதந்திரம், தன் துணையைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை ஆகியவற்றையே அவர் அக்கிளியின் வாயிலாகப் பேசினார். பாரதியார் பெண் விடுதலையைப் பாடுவதற்குப் பல ஆண்டுகள் முந்திய முயற்சி இது. ஈழத்துப் பெண்ணியச் சிந்தனையின் வரலாற்றை எழுதுவோர் இந்நூலிலிருந்து தொடங்குவது பொருந்தும்.

இந்தச் சிந்தனையின் தொடர்ச்சியாகவே மூன்று ஆண்டுகளின் பின் அவர் எழுதிய நாவலை நாம் பார்க்கவேண்டும். ஆனால் அதற்கு முன் தமிழ் நாவலின் அன்றைய நிலையைச் சற்றே நோக்குவது நல்லது. மாயூரம் வேதநாயகம்பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879 ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆறு ஆண்டுகளின் பின், 1885 ஆம் ஆண்டில், இலங்கையின் முதற் தமிழ் நாவல் தோன்றியது. அதை எழுதியவர் கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் அறிஞர் சித்திலெப்பை. 1882 ஆம் ஆண்டு 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கி, முஸ்லிம்களின் கல்வி மறுமலர்ச்சிக்காகத் தம் வாழ்வையும் பொருளையும் செலவிட்ட அப்பெருந்தகையின் 'அசன்பேயுடைய கதை' எகிப்தில் பிறந்த ஓர் இளைஞனின் வாழ்வைப் பம்பாய், கல்கத்தா என்று பல நகரங்களினூடே சொல்லிச் செல்கிறது. அடுத்து 1891 ஆம் ஆண்டில் திருகோணமலையைச் சேர்ந்த எஸ். இன்னாசித்தம்பி 'ஊசோன் பாலந்தை கதை'யை வெளியிட்டார். ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கிவந்த இரட்டைச் சகோதரர் கதையொன்றின் தமிழாக்கம் அது. மூன்றாவதாக 1895 ஆம் ஆண்டு 'மோகனாங்கி' வெளிவந்தது.

இந்த வரிசையை வாசகர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்க்கவேண்டும். ஈழத்தவர் எழுதிய முதல் மூன்று தமிழ் நாவல்களில் முதலாவதை எழுதியவர் முஸ்லிம், இரண்டாமவர் கிறிஸ்தவர், மூன்றாமவர் இந்து. பின்னிருவரும் ஒரே துறைமுக நகரத்தவர். எவரும் திட்டமிட்டு இவ்வாறு அமைக்கவில்லை. தமிழ் எவருடைய மொழி என்ற கேள்வி அன்று எழவேயில்லை. எழுத வந்தவர் தம் கையில் இருந்த மொழியில் எழுதினார். வாசிக்க வந்தவர் வாசித்தார். பிற்காலத்தில் தமிழ் பேசும் மக்களிடையே எத்தனையோ கசப்புகள் நேர்ந்துவிட்டன. அவற்றை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் நம் உரைநடை இலக்கியத்தின் வாசலில் மூன்று சமயத்தாரும் சேர்ந்தே நின்றார்கள் என்ற உண்மையைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவதும் ஒருவகை மறைப்பே ஆகும்.

இனி மோகனாங்கியைக் காண்போம். கதை நிகழும் காலம் பதினேழாம் நூற்றாண்டு. களம் நாயக்கர் ஆட்சியிலிருந்த மதுரையும் தஞ்சையும். மதுரையை ஆண்ட சொக்கநாத நாயக்கருக்கும் தஞ்சை அரசகுமாரி மோகனாங்கிக்கும் இடையிலான காதலே கதையின் உயிர்நாடி. இதற்குப் பின்னணியாக உள்ள வரலாறு துயரமானது. சொக்கநாதர் தஞ்சை மன்னர் விஜயராகவ நாயக்கரின் மகளை மணம் பேசினார் என்றும், தஞ்சை அதனை மறுத்தது என்றும், அதன் காரணமாக எழுந்த போரில் 1673 ஆம் ஆண்டு விஜயராகவர் மாண்டு தஞ்சை நாயக்கர் ஆட்சி வீழ்ந்தது என்றும் வரலாறு கூறும். அந்தப்புரத்துப் பெண்கள் பகைவர் கையில் சிக்காதபடி வெடிமருந்திட்டு மாளிகை தகர்க்கப்பட்டது என்ற கொடுமையான செய்தியும் அவ்வரலாற்றோடு சேர்ந்தே வழங்கி வருகிறது. நெல்சன் எழுதிய மதுரை நாட்டு விவர நூல் 1868 ஆம் ஆண்டு வெளிவந்தது முதல் நாயக்கர் வரலாறு ஆங்கிலம் கற்றோரிடையே பரவலாக வாசிக்கப்பட்டு வந்தது.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு பெண்ணின் பொருட்டு இரண்டு அரசுகள் மோதின. ஓர் அரசு அழிந்தது. ஆயினும் அந்தப் பெண் எதை விரும்பினாள், எதை வெறுத்தாள் என்று வரலாறு எங்கும் கூறவில்லை. கேட்டவர் அரசர், மறுத்தவர் அரசர், போரிட்டவரும் அரசரே. அப்பெண்ணுக்கு ஒரு மனம் உண்டு என்று கொண்டு, அதனையே கதையாக்கி, நூலின் தலைப்பிலும் அவள் பெயரையே பொறித்தவர் சரவணமுத்துப்பிள்ளை. தத்தை விடு தூதிலே பெயரற்ற தலைவிக்காகப் பேசியவர் மோகனாங்கியிலே வரலாறு மறந்த அரசகுமாரிக்காகப் பேசினார். இரண்டு நூல்களும் ஒரே கொள்கையின் இரு வடிவங்கள் என்று நாம் கருதுவதற்குக் காரணம் இதுவே.

தமிழ் வாசகருக்கு வரலாற்று நாவல் என்றால் கல்கியே முதலில் நினைவுக்கு வருவார். பார்த்திபன் கனவு 1941 ஆம் ஆண்டு தொடராக வரத் தொடங்கியது. பொன்னியின் செல்வன் 1950களுக்கு உரியது. இவற்றுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னரே, பின்பற்றுவதற்குத் தமிழில் ஒரு முன்மாதிரியும் இல்லாத நிலையில், வரலாற்றைக் கற்பனையோடு இணைத்து உரைநடையில் நீண்ட கதை சொல்லத் துணிந்தவர் ஓர் ஈழத்தவர். அதே காலத்தில் இராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வந்துகொண்டிருந்தது. அது குடும்பக் கதை. வரலாற்றின் பக்கம் திரும்பியவர் சரவணமுத்துப்பிள்ளையே.

இந்நாவலைப் பற்றிக் குறை கூறுவோரும் உளர். ஈழத்தவர் எழுதிய நாவலில் ஈழ மண்ணே இல்லையே என்பது அவர்கள் சுட்டும் குறை. உண்மைதான். அசன்பேயுடைய கதை எகிப்திலும் இந்தியாவிலும் நிகழ்கிறது. ஊசோன் பாலந்தை கதை ஐரோப்பாவில் நிகழ்கிறது. மோகனாங்கி மதுரையிலும் தஞ்சையிலும் நிகழ்கிறது. யாழ்ப்பாணத்து வாழ்வைக் களமாகக் கொண்ட மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' 1914 ஆம் ஆண்டுதான் வெளிவந்தது. ஆனால் துறைமுகத்தை அண்டி வாழும் மக்களின் மனம் கரையோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் எண்ணவேண்டும். மேலும், அன்று தமிழ் நாவலின் வாசகர் பெரும்பான்மையும் தமிழகத்திலேயே இருந்தனர். அச்சகமும் அங்கேயே இருந்தது. எழுதுபவர் தம் வாசகர் அறிந்த மன்னர்களின் கதையைத் தேர்ந்ததைக் குற்றமாகக் கொள்ளலாகாது.

1902 ஆம் ஆண்டு சரவணமுத்துப்பிள்ளை காலமானார். மோகனாங்கி வெளிவந்து ஏழு ஆண்டுகளே ஆகியிருந்தன. இன்னும் இருபது ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் ஈழத்து நாவலின் போக்கே வேறாகியிருக்கக் கூடும். அண்ணன் கனகசுந்தரம்பிள்ளை தம்பியின் மறைவின் பின்னரும் பல ஆண்டுகள் தமிழ்ப் பணியைத் தொடர்ந்தார். ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் காண்பதில் வல்லவரான அவர் 'தமிழ் நாவலர் சரிதை'யை 1921 ஆம் ஆண்டு பதிப்பித்து, மறு ஆண்டில் மறைந்தார். பழம் புலவர்களின் வரலாற்றைக் காத்தவர் ஒருவர், புதிய இலக்கிய வகைக்கு வித்திட்டவர் மற்றொருவர் என்று ஒரே வீட்டிலிருந்து இருவர் தோன்றியது திருகோணமலைக்குக் கிடைத்த பேறு.

மோகனாங்கிக்குப் பின்னர் நேர்ந்ததுதான் நாம் சிந்திக்கவேண்டிய பகுதி. ஆசிரியர் மறைந்து பதினேழு ஆண்டுகளின் பின், 1919 ஆம் ஆண்டில், அந்நாவல் சுருக்கப்பட்டு மாணவர்க்குரிய பாட நூலாக வெளிவந்தது. அதற்குச் 'சொக்கநாத நாயக்கர்' என்று பெயரிடப்பட்டது. நூல் சிறிதானதோடு நிற்கவில்லை, அதன் பெயரும் மாறிற்று. அரசகுமாரியின் பெயர் அட்டையிலிருந்து நீங்கி, அரசரின் பெயர் அங்கே ஏறிற்று. பாடசாலைக்கு ஏற்றவாறு செய்ததாகக் கொண்டாலும், எந்த மௌனத்தைக் கலைப்பதற்காக அந்நூல் எழுதப்பட்டதோ அதே மௌனத்தினுள் அது மீண்டும் தள்ளப்பட்டது என்றே சொல்லவேண்டும். முழு நாவலைக் கண்ணால் கண்டவர் தொகை குறைந்துகொண்டே போனது. பிற்காலத்தில் இலக்கிய வரலாறுகளில் அதன் பெயர் மட்டுமே ஒருவரை ஒருவர் பின்பற்றிக் குறிப்பிடும் சடங்காக எஞ்சியது.

அச்சேறிய ஒரு நூல் எவ்வாறு காணாமற் போகும் என்று சிலர் வினவலாம். அன்றைய அச்சுத் தொழிலின் நடைமுறையை அறிந்தோர்க்கு இது புதிராகாது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்துப் பக்கம் அமைப்பார்கள். ஒரு பகுதி அச்சாகி முடிந்ததும் அவ்வெழுத்துகளைப் பிரித்து மீண்டும் பெட்டியறைகளில் இட்டு, அடுத்த பகுதிக்குப் பயன்படுத்துவார்கள். எழுத்துக்கு ஆகும் செலவு அதிகமாகையால் கோத்த பக்கங்களை அப்படியே வைத்திருக்கச் சிறிய அச்சுக்கூடங்களால் இயலாது. ஆகவே நூல் அச்சாகி முடிந்தபோதே அதன் அச்சுருவும் கலைந்துவிடும். மறுபதிப்பு வேண்டுமானால் முதலெழுத்திலிருந்து மீண்டும் கோக்கவேண்டும். அதற்குப் பணம் கொடுக்க ஆசிரியரோ புரவலரோ இல்லையெனில் அந்நூல் அத்தோடு முடிந்தது.

காகிதமும் பகையாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழிலிருந்து மலிவாகச் செய்யப்பட்ட காகிதம் பெருவழக்காயிற்று. அதிலுள்ள அமிலம் தாளைப் பழுப்பாக்கி, சில பத்தாண்டுகளிலேயே தொட்டால் நொறுங்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். பேணி எண்ணெய் பூசிய பனையோலை ஏடு இருநூறு முந்நூறு ஆண்டுகள் தாங்கும். அவ்வேடுகளைக் காப்பாற்ற வந்த அச்சுக் காகிதமோ நூறாண்டு தாங்குவதே அரிது. ஏட்டை அழியுமுன் பெயர்த்தெழுத வேண்டும் என்று முன்னோர் அறிந்திருந்தனர். அச்சு நூல் தானே நிலைத்துவிடும் என்று நாம் நம்பியிருந்துவிட்டோம்.

சட்டத்தின் ஒரு கூறும் இங்கே கருதத்தக்கது. இந்தியாவில் 1867 ஆம் ஆண்டுச் சட்டமும் இலங்கையில் 1885 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் அச்சாகும் நூல்களைப் பதிவு செய்து அரசுக்குப் பிரதிகளை ஒப்படைக்க வேண்டும் என்று விதித்தன. இலங்கையில் அச்சானவை இவ்வாறு கொழும்பு நூதனசாலை நூலகத்தைச் சென்றடைந்தன. ஆனால் இச்சட்டங்கள் நூல் அச்சான இடத்தையே பார்த்தன, ஆசிரியர் பிறந்த இடத்தையன்று. சென்னையில் அச்சான மோகனாங்கி சட்டத்தின் கண்ணில் சென்னை நூலே. அதன் ஒரு பிரதியேனும் ஈழத்தில் பேணப்பட வேண்டும் என்ற கடமை எவருக்கும் இருக்கவில்லை. தமிழகத்தார்க்கு அது ஈழத்தவர் நூல், ஈழத்தார்க்கு அது சென்னை நூல். இரண்டு வீட்டார்க்கும் பொதுவான பிள்ளை ஒரு வீட்டிலும் உண்ணாத கதையாக முடிந்தது.

பிரதிகள் தனியார் வீடுகளில் எஞ்சியிருந்திருக்கலாம் என்று தேற்றிக்கொள்ளவும் காலம் இடம் தரவில்லை. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது அழிந்தவற்றுள் மீளக் கிடைக்காத ஈழத்து நூல்கள் பல. திருகோணமலை மாவட்டமோ போரின் எல்லாக் கட்டங்களையும் கண்டது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை கிண்ணியா, மூதூர் முதலிய கரையோர ஊர்களைத் தாக்கியது. 2006 ஆகஸ்டில் மூதூரில் மூண்ட சண்டையில் முஸ்லிம்களும் தமிழர்களும் கைக்குழந்தைகளோடு வீடு விட்டு ஓடினர். உயிரைக் காத்துக்கொண்டு ஓடியவரிடம் பழம் புத்தகங்கள் என்னவாயின என்று கேட்பது தகாது. ஆயினும் அவ்வீடுகளோடு சேர்ந்து ஓர் ஊரின் எழுத்து வரலாறும் போனது என்பதை நாம் மறக்கலாகாது.

நல்ல செய்திகளும் இல்லாமலில்லை. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேகரித்து எவரும் இலவசமாகப் படிக்கத் தரும் நூலகம் திட்டம் 2005 ஆம் ஆண்டு தொடங்கி இன்று பெரும் களஞ்சியமாக வளர்ந்துள்ளது. சென்னையிலே 1994 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் அச்சு நூல்களைப் பேணி வருகிறது. அசன்பேயுடைய கதை ஆய்வாளர்களின் அக்கறையால் முன்னரே மறுபதிப்புப் பெற்றது. மோகனாங்கியும் ஆர்வலர்களின் தேடலின் பயனாக அண்மை ஆண்டுகளில் மீண்டும் அச்சேறியிருக்கிறது. தொலைந்துவிட்டது என்று கைவிடப்பட்ட ஒன்று தேடினால் கிடைக்கும் என்பதற்கு இது சான்று.

ஆனால் ஒரு நூல் கிடைத்ததோடு கடமை முடிந்துவிடவில்லை. திருகோணமலையின் பொது நூலகங்களிலும், கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் முதலிய ஊர்களின் நூலகங்களிலும் அம்மாவட்டத்தவர் எழுதிய நூல்களுக்கென ஒரு தனிப் பகுதி அமைவது பெருஞ்செலவுக்குரிய காரியமன்று. சித்திலெப்பையின் நூலும் இன்னாசித்தம்பியின் நூலும் சரவணமுத்துப்பிள்ளையின் நூலும் அங்கே ஒரே தட்டில் அருகருகே இருக்கவேண்டும். பாடசாலைகளில் ஈழத்து நாவல் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் பெயர்ப் பட்டியலோடு நின்றுவிடாமல் ஒரு பகுதியையேனும் மாணவரைப் படிக்கச் செய்யவேண்டும். பழைய நூல்களை வைத்திருக்கும் குடும்பத்தினர், அது தேவாரமாயினும் முனாஜாத்தாயினும் வேதாகமக் கதையாயினும், கறையானுக்கு விட்டுவிடாமல் ஒரு முறை படமெடுக்க இடங்கொடுக்க வேண்டும். மூல நூல் அவர்களிடமே இருக்கட்டும். அதன் உரு எல்லோர்க்கும் உரியதாகட்டும்.

சரவணமுத்துப்பிள்ளை தம் காலத்தில் ஒரு கல்லூரியின் நூல்களைக் காத்தார். அவருடைய நூலைக் காக்கும் முறை இப்போது நம்முடையது. மீண்டும் கிடைத்திருக்கும் அந்நாவலை அவர் வைத்த பெயராலேயே, அரசரின் பெயராலன்றி அந்த அரசகுமாரியின் பெயராலேயே, நம் பிள்ளைகள் அறிந்துகொள்ளச் செய்வோமாக.